அம்மா போனில் இல்லாத பட்டன்

அத்தியாயம் 14

ராமகுப்பம் நாகையா வீட்டில் பட்டுக்கூடு அறுத்து மூட்டை கட்டியாகிவிட்டது, விடிந்தால் வண்டி வந்துவிடும் என்று போன வாரம் உங்களிடம் நம்பிக்கையாகச் சொல்லிவிட்டுப் போனேன். விடிந்தது. வண்டி வரவில்லை. கதை சொல்லும் எனக்கே வயிறு எரிகிறது என்றால் புழு வளர்த்தவர்களுக்கு எப்படி இருக்கும்?

ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி. மணி ஏழாகப்போகிறது. ரோட்டோரம் பதினொரு வலைப்பைகள். நாகையா அவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். நெருங்கி இருந்தால் உள்ளே சூடேறும். சூடேறினால் கூட்டுக்குள் இருக்கும் புழு சீக்கிரம் பூச்சியாகித் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளை விழுந்த கூட்டில் நூல் வராது. ஒரு மாதமாக நேரம் தவறாமல் மல்பெரித் தழை அறுத்துப் போட்ட உழைப்பெல்லாம் குப்பைக்குத்தான் போகும்.

பலமனேர் மார்க்கெட்டில் சாயந்திரம் ஐந்துக்கு கேட் சாத்திவிடுவார்கள். நாளை லீவு. நாளை மறுநாள் வரைக்கும் பூச்சி காத்துக்கொண்டிருக்காது.

"அம்மா, நெஜமா புக் பண்ணியா?" என்றாள் சுமித்ரா. கூடு அறுக்கக் கைகொடுக்க நேற்றுத்தான் திருப்பதியிலிருந்து வந்திருந்தாள்.

"பண்ணேன்டி. வண்டி படம் வந்துச்சு. எம் பேரு வந்துச்சு. எத்தினி கிலோன்னு வந்துச்சு. தேதி வந்துச்சு. அப்பறம் இன்னா வேணும்?" என்றாள் செங்கம்மா.

வேறொன்றும் வேண்டாம்தான். அந்த ஊர் வழக்கம் அப்படி. கூடு வாங்க வருகிறவனிடம் எடையும் தேதியும் வாயால் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. 'நிச்சயம்தானே?' என்று மறுபடி கேட்டால் அது அவமானம். உன் வார்த்தையை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. தன் பேரும் எடையும் தேதியும் திரையில் வந்ததும் செங்கம்மா பேச்சு முடிந்தது என்று போனை மாடத்தில் வைத்துவிட்டுத் தழை அறுக்கப் போய்விட்டாள்.

"போனக் குடு."

அது பவன்குமாரின் பழைய போன். செங்கம்மாவின் மூத்த பிள்ளை. திருப்பதியில் 'கூட்டுவண்டி' என்று ஒரு கம்பெனி நடத்துகிறவன். பட்டுக்கூடு வளர்ப்பவர்கள் போனிலேயே வண்டிக்குச் சொல்லி வைக்க ஒரு ஆப், அதுதான் கம்பெனி. புதுசு வாங்கியதும் பழையதை அம்மாவிடம் தள்ளிவிட்டான். சின்ன போன். மூலையில் கண்ணாடி விரிசல். காதில் வைத்துப் பேசும் பக்கம் எப்போதோ செத்துவிட்டதால் ஸ்பீக்கரில்தான் பேச முடியும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது அவனே உட்கார்ந்து எழுத்தையெல்லாம் இருப்பதிலேயே பெரிசாக மாற்றிக் கொடுத்தான். "இப்ப நல்லா தெரியுதாம்மா?" என்று நாலு தடவை கேட்டான். நல்ல பிள்ளைதான், யார் இல்லை என்றார்கள்?

சுமித்ரா ஆப்பைத் திறந்தாள். வண்டி படம். பேர். கிலோ. தேதி. தேதிக்குக் கீழே, திரையின் அடிவிளிம்பில், நகக்கீறல் அளவுக்குப் பச்சையாக ஒரு கோடு.

விரலை வைத்து மேலே தள்ளினாள். நகரவில்லை. மறுபடி தள்ளினாள். அசையவே இல்லை.

அந்தப் பச்சைக் கோடு எதன் தலை என்று அவளுக்குத் தெரியும். 'வண்டி அனுப்பு' பட்டன். அதை அமுக்கினால்தான் புக்கிங் ஆகும். அம்மாவின் போனில் அது திரைக்கு வெளியே போய் விழுந்து கிடக்கிறது. இழுத்துப் பார்க்கவும் வழியில்லை. திரை நகராமல் பூட்டு போட்டது யார்?

அவளேதான்.

ஆமாம், அந்தக் கம்பெனியில் எந்தப் போனில் எது எங்கே உட்கார வேண்டும் என்று பார்ப்பது சுமித்ராவின் வேலை. அகலத் திரைக்கு ஒரு மாதிரி, குறுகிய திரைக்கு ஒரு மாதிரி, எழுத்து பெருத்தால் மற்றதெல்லாம் கீழே இறங்கி இடம்விட வேண்டும், பட்டன் மட்டும் எப்போதும் கண்ணில் பட வேண்டும். அதற்குத்தான் அவள் படித்தாள். அண்ணன் கேட்டானா? "ஒரே ஸ்கிரீன் சுமி. எல்லாம் ஒரே ஸ்கிரீன்ல நிக்கணும். வெரல வெச்சு தள்ற வேலையே கூடாது. பாக்கறவங்க அசந்து பூடணும்" என்றான். அவனுடைய போன் உள்ளங்கை தாண்டி நீண்ட போன். அதில் எல்லாம் அழகாக நின்றது.

சோதனை பார்ப்பதற்கென்று அவள் நாலு பழைய சின்ன போன்களைத் தேடி வாங்கிவந்து அவன் மேஜையில் வைத்தாள். "ஆறு மாசத்துல எல்லாரும் பெரிய போன் வாங்கிடுவாங்க. இத்த எடு மொதல்ல" என்று டிராயரில் தள்ளி மூடினான். அவள் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டுப் பூட்டையும் போட்டாள். இப்போது அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி தன் மேலேயே வந்தது.

எழுத்தைச் சின்னதாக்கி இப்போது பட்டனை அமுக்கினாலும் பயனில்லை, இன்றைய வண்டிக்குப் புக்கிங் நேற்று ராத்திரியோடு முடிந்துவிட்டது, இனி அண்ணன் சொன்னால்தான் வண்டி நகரும். அவனுக்கு போன் போட்டாள்.

"அண்ணா, வண்டி வரல."

"புக்கிங் இல்லியே. நானும் பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டு சும்மா கீறியா? அம்மா போன்ல பட்டனே தெரியலண்ணா. கீழ பூட்ச்சு."

"அம்மாவுக்கு போன் பாக்கத் தெரியல. அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?"

சுமித்ராவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அம்மா பக்கத்திலேயே நிற்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, அத அப்பறம் பேசிக்கலாம். இப்ப குப்பத்துல நிக்கற வண்டிய அனுப்பு. ஒரு வார்த்த சொல்லு, போதும்."

"இன்னிக்கு பெங்களூர்லருந்து பணம் போடற ஆளுங்க வர்றாங்க, தெரியும்ல? ஒவ்வொரு வண்டியும் ஓடறத மேப்புல பாப்பாங்க. புக்கிங் இல்லாம ஒண்ணு ஓடினா யாருக்குன்னு கேப்பாங்க. எங்கம்மாவுக்குன்னு சொல்லட்டுமா? சொந்தக்காரங்களுக்கு வண்டி உட்ற கம்பெனின்னு எழுதிக்கினு பூடுவாங்க. ரெண்டு வருஷம் பெங்களூர்ல நாய் மாதிரி அலஞ்சு கட்டினது சுமி இது. இன்னிக்கு ஒரு நாளு என்ன உடு."

வைத்துவிட்டான். மறுபடி போட்டாள். அணைத்துவைத்துவிட்டான்.

டிரைவர் முனிகிருஷ்ணனைக் கூப்பிட்டாள்.

"வண்டி இங்கதான் நிக்குதும்மா, ஸ்டேஷனாண்ட. நேத்தும் ஆர்டரு இல்ல, இன்னிக்கும் இல்ல. டீ குட்ச்சிக்கினு குந்திக்கினு கீறேன். உங்கண்ணன் ஒரு வார்த்த சொன்னா அர மணி நேரத்துல அங்க இருப்பேன். அவுரு சொல்லாம எட்த்தேன்னா எனக்கு வேல பூடும்மா. கோச்சுக்காத."

வேறு டெம்போ? நாகையா விடியற்காலையிலேயே போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார். பெரிய முகூர்த்த நாள். சுற்றுப்பட்டில் இருந்த அத்தனை டெம்போவும் கல்யாணக் கோஷ்டிகளை ஏற்றிக்கொண்டு திருமலைக்குப் போய்விட்டது. இருந்த சைக்கிளில் பதினொரு மூட்டையைக் கட்ட முடியுமா?

பக்கத்து வீட்டு ரத்தினம்மா தன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வாசலிலும் எட்டு மூட்டை.

"எனுக்கும் வரல பாரு சுமி. நான்தான் எத்தயோ தப்பா அமுக்கிட்டேனாங்காட்டியும்."

"இல்லக்கா. நீ எதும் தப்பா அமுக்கல."

"இல்லடி, என் கைதான் வெளங்காத கை" என்று ரத்தினம்மா தன் விரலைத் தானே திட்டிக்கொண்டு போனாள். சுமித்ராவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. பட்டனைத் திரைக்கு வெளியே வைத்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். இல்லாத பட்டனை அமுக்கத் தெரியவில்லையே என்று இவர்கள் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள். என்ன அநியாயம் இது?

அம்மாவின் போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"அவன்கிட்ட சண்டைக்கிப் போவாத. துன்னானான்னு கேளு" என்றாள் செங்கம்மா.

அப்பா நாகையா மூட்டையிலிருந்து நிமிரவில்லை. "மூணு மணிக்குள்ள வண்டி இங்க இருக்கணும். அதுக்கு மேல வந்தா வந்தும் வீணு" என்றார். அவர் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

"மூணுக்கு முன்னாடி இருக்கும் நைனா" என்றாள் சுமித்ரா. எந்தத் தைரியத்தில் சொன்னாளோ!

பலமனேருக்கு ஒரு பஸ், அங்கிருந்து சித்தூர், சித்தூரில் இறங்கி ஓடிப்போய் இன்னொரு பஸ். வழியெல்லாம் அண்ணனின் போன் அணைந்தே கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஆபீஸ் கணக்கில் நுழைந்து ஒரு பட்டியலைத் திறந்தாள். கடைசித் திரை வரை வந்து புக்கிங் முடிக்காமல் விட்டவர்கள். இந்த ஒரு வாரத்தில் அறுபத்தொரு பேர். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் என்ன போன், எவ்வளவு அகலத் திரை என்று விழும். மேலிருந்து கீழே படித்தாள். சின்னது. சின்னது. சின்னது. பெரிய போன் வைத்திருந்தவர் ஒரே ஒருத்தர். அவரும் எழுத்தைப் பெருக்கி வைத்திருந்தார்.

அந்த அறுபத்தொரு பேருக்கும் அண்ணன் ஒரு தலைப்பு வைத்திருந்தான். பெங்களூர்க்காரர்களுக்குக் காட்ட அவன் தயாரித்த படத்தில் அவள் கண்ணாலேயே பார்த்தாள். 'மனம் மாறிய விவசாயிகள்.' பார்த்தபோது உறைக்கவில்லை. சந்திரகிரி தாண்டும்போது உறைத்தது.

திருப்பதியில் கபிலதீர்த்தம் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். படியேறும்போது மணி ஒன்றே முக்கால். படிக்கட்டின் திருப்பத்திலேயே பவன்குமார் மறித்துக்கொண்டான். புதுச் சட்டை, மடிப்புக் கலையவில்லை.

"இன்னாத்துக்கு வந்த? ஆறு மணி நேரம் பஸ்ல வந்து சண்ட போடணுமா?"

"போன அணச்சு வெச்சா வேற எப்டி வர்றது? வண்டிய அனுப்பு. மணி ரெண்டாவப்போது."

"ரெண்டு மணிக்கு அவங்க வந்துடுவாங்க. அவங்க போனதும் நானே அனுப்பறேன். அஞ்சு மணிக்கு."

"அஞ்சு மணிக்கு கேட்டு சாத்திடுவாங்க! உனக்குத் தெரியாதா? நீ அந்த மூட்ட மேல படுத்துத் தூங்கி வளந்தவன்தான?"

"கத்தாத. கீழ கேக்குது."

"கேக்கட்டும். அம்மாவுக்கு எழுத்தப் பெருசு பண்ணிக் குடுத்தது யாரு? நீ. பெருசு பண்ணின எழுத்துக்கு எடம் உடாத ஆப்பு செஞ்சது யாரு? நீ. பட்டனத் தூக்கி வெளிய போட்டுட்டு அம்மாவுக்கு போன் பாக்கத் தெரியலங்கற. வெக்கமா இல்ல?"

"பூட்டு போட்டது நீதான?" என்றான் அவன், மெதுவாக.

சுருக்கென்றது. உண்மைதானே.

"ஆமா, நான்தான். நீ சொன்னேன்னு போட்டேன். அப்பவே முடியாதுன்னு சொல்லி இருக்கணும். சொல்லாதது என் தப்பு. நான் ஒத்துக்கறேன். நீ?"

அதற்குள் கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பவன்குமாரின் முகம் நொடியில் மாறிற்று, சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. "உள்ள வா. ஆனா வாயத் தொறக்காத. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

வந்தவர்கள் மூன்று பேர். பெரியவள் ரூபா என்ற அம்மாள், நாற்பது வயதிருக்கும், கண்ணாடி, பருத்திப் புடவை, தமிழும் புரியும். கம்பெனியில் பணம் போடலாமா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டியவள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தாள்.

பவன்குமார் நன்றாகவே பேசினான். பாதி ஆங்கிலம், பாதி தெலுங்கு. சுவரில் தொங்கிய பெரிய டிவியில் ஆப் விரிந்தது. வண்டி படமும் பச்சைப் பட்டனும் சுவர் அகலத்துக்குப் பளபளத்தன. மேப்பில் எட்டு வண்டிகள். ஏழு ஓடிக்கொண்டிருந்தன. குப்பத்தில் ஒரு புள்ளி அசையாமல் இருந்தது. சுமித்ரா அந்தப் புள்ளியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பத்து. இரண்டு இருபது. அங்கே வெயிலில் பதினொரு மூட்டை.

"இந்த அறுபத்தொரு பேரு யாரு?" ரூபா தெலுங்கில் கேட்டாள். "கடைசி வரைக்கும் வந்துட்டு ஏன் போயிட்டாங்க?"

"விவசாயிங்க மேடம்" என்று பவன்குமார் சிரித்தான். "கடைசி நிமிஷத்துல மனசு மாறிடுவாங்க. போன் பழக்கமும் கம்மி. போகப் போகச் சரியாயிடும்."

சுமித்ரா எழுந்தாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"மேடம், யாருக்கும் மனசு மாறல."

"சுமி!"

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பையிலிருந்து விரிசல் விழுந்த போனை எடுத்து ரூபாவின் முன்னால் வைத்தாள். "இதுல ஒரு வண்டி புக் பண்ணுங்க. இன்னிக்கித் தேதிதான். எல்லாம் போட்டு வெச்சிருக்கு. அனுப்பறது ஒண்ணுதான் பாக்கி."

ரூபா போனை எடுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். விரலால் மேலே தள்ளினாள். பக்கவாட்டில் தள்ளினாள். போனைப் படுக்கையாகத் திருப்பினாள். அதற்கும் அது திரும்பவில்லை. கூட வந்தவர் எட்டிப் பார்த்து அவரும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். டிவியில் பச்சைப் பட்டன் இன்னமும் பளபளத்துக்கொண்டிருந்தது.

"பட்டன் எங்கே?" என்றாள் ரூபா.

பவன்குமார் டிவியைக் கைகாட்டினான்.

"நானும் படிச்சவதான். பதினெட்டு வருஷமா இதே வேல பாக்கறேன்" என்று நிமிர்ந்தாள் ரூபா. "எனக்கும் மனசு மாறிடுச்சுன்னு எழுதிக்குவீங்களா மிஸ்டர் பவன்?"

பவன்குமாரின் காது சிவந்தது. "அது ரொம்பப் பழைய மாடல் மேடம். டெவைஸ் பிராப்ளம். அந்த மாதிரி போன் யார்கிட்டயும்…"

"இந்த லிஸ்ட்ல அறுபது பேருகிட்ட இருக்கு" என்றாள் சுமித்ரா. "உன் டிராயர்லயும் நாலு இருக்கு. தொற, காட்டு."

"இது யார் போன்?" என்று ரூபா கேட்டாள்.

சுமித்ரா அண்ணனைப் பார்த்தாள். அவன் சொல்லட்டும் என்று நின்றாள். அவன் டிவியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினான். எங்கம்மா போன் என்ற இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை. பெத்தவளை அடையாளம் சொல்லக் கூச்சப்படுகிறானே, இவனுக்காகவா அந்த அம்மா முட்டி தேயத் தழை சுமந்தாள்!

"மரம் மாதிரி நிக்காதடா!" என்றாள் சுமித்ரா. பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் 'டா' போட்டதில்லை. "சொல்லு, யாரு போனு?"

அப்போது ரூபாவின் கையிலேயே அந்தப் போன் அடித்தது. திரை முழுவதும் அடைத்துக்கொண்டு கொட்டைக் கொட்டை எழுத்தில் ஒரே வார்த்தை: நைனா. பவன்குமார் அந்தப் போனை வைத்திருந்த காலத்தில் அவன் போட்டுவைத்த பேர். யாரும் மாற்றவில்லை.

ரூபா ஒன்றும் புரியாமல் சுமித்ராவிடம் நீட்டினாள். சுமித்ரா அதை வாங்கி அண்ணனின் கையில் வைத்தாள். "எடு. உன் போன்தான."

அவன் எடுத்தான். காதில் வைத்தான். பழகிய கை, காதுப் பக்கம் செத்துப்போனது அவனுக்கு மறந்துவிட்டது. சத்தம் ஸ்பீக்கரில்தான் வந்தது, அறை முழுவதற்கும் கேட்டது. நாகையாவின் போனிலிருந்து செங்கம்மா.

"சுமி… போய்ச் சேந்தியா? ஏண்டி பேச மாட்டன்ற, பஸ்ல கீறியா? நான் சொல்றத கேட்டுக்கோ. ஒரு கூடு ஓட்ட ஆயிட்ச்சிடி. மேல் மூட்டையில. நைனா பாத்துட்டாரு, அப்டியே குந்திக்கினு கீறாரு. இரு, வெக்காத. அண்ணன்கிட்ட வண்டி வரலன்னு கத்தாத, இன்னா? இன்னிக்கு அவனுக்குப் பெரிய நாளு. நான்தான் எத்தயோ தப்பா அமுக்கி உட்டுட்டேன். எனுக்குத்தான் அறிவு இல்ல. அவன் ஆப்பு நல்லாத்தான் கீது. நாலு பேருகிட்ட அப்டியே சொல்லு, இன்னா? சுமி? கேக்குதா?"

ரூபா கண்ணாடியைக் கழற்றினாள். கூட வந்தவர்கள் மேஜையைப் பார்த்தார்கள்.

பவன்குமார் ஒருமுறை மூக்கை உறிஞ்சினான். போன் அவன் காதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மணி இரண்டு முப்பது. டிவியில் குப்பத்துப் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. முனிகிருஷ்ணன் ராமகுப்பம் போய்ச் சேர அரை மணிதான் வேண்டும். ஒரே ஒரு வார்த்தை.

"சுமி? ஏண்டி, அழுவுறியா?" என்றாள் செங்கம்மா.

"பேசு" என்றாள் சுமித்ரா. அவள் குரலில் இன்னமும் கோபம் இறங்கவில்லை. "சுமி இல்லம்மா, நான்தான் பேசறேன்னு சொல்லு."